சுத்தமான கையைத் துடைக்கிறவள்

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தபோது மெக்கானிக் ஒரு வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான். உடனே உருவ முடியவில்லை. மேசைமேல் இருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மறுபடி அடித்தது. இப்படி விடாமல் அடிக்கிற போன் நல்ல சேதி சொல்லாது என்று அவனுக்குத் தெரியும். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கையை இழுத்து, ஓடிப்போய் எடுத்தான்.

"பொத்தான் இன்னிக்கும் அந்தப் பையனை அடிச்சிட்டா," என்றார் கண்ணாடி டீச்சர்.

பொத்தான் அவன் மகள். குறைமாதத்தில் பிறந்தவள். சுற்றியிருந்த துணிக்கு நடுவில் ஒரு பொத்தான் அளவுக்குத்தான் முகம் தெரிந்தது என்று அவளுடைய தாய்மாமன் வைத்த பெயர் அது. இப்போது நாலு வயது, வயதுக்கு மீறிய உயரம். பெயர் மட்டும் வளராமல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி டீச்சர் என்பதும் காப்பகத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான். அந்தக் காப்பகத்தை நடத்துகிறவர் அவர்.

"அடி பலமா டீச்சர்? ரத்தம் கித்தம்..."

"அதெல்லாம் இல்ல. முதுகுல ஒண்ணு, பளார்னு. ஆனா இது முதல் தடவை இல்லையே. பையனோட அம்மா சனிக்கிழமை நேர்ல வராங்க. ஒண்ணு அந்தப் பொண்ணு இருக்கட்டும், இல்ல என் பையன் இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. உங்களை நான் போகச் சொல்லல. ஆனா அவங்க கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மெக்கானிக் போனை வைத்தான். அவன் மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்யாணத்தின்போது பாதியில் விட்ட படிப்பை, பிள்ளை பிறந்தபிறகு மாலை வகுப்புக்குப் போய் முடித்து, தூக்கத்தைத் தொலைத்து வாங்கிய வேலை அது. இருட்டுகிற நேரத்தில்தான் லேபை விட்டு வெளியே வருவாள். அதுவரை பிள்ளையை வைத்துக்கொள்கிற காப்பகம் அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. ஆனால் தண்ணீரும் கரண்ட்டும் ஒரே தரையில் கிடக்கிற இடம். போதாததற்கு, பாதி நாள் அவன் வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறவன். காலையில் காப்பகம் திறக்கும்வரை வாசற்படியில் அவளை உட்கார வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே பொத்தானைக் காப்பகத்திலிருந்து அனுப்பினால் அவள் அம்மாவின் வேலை போகும். இதில் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னான். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாருங்க இவளுக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்தது? நான் ஒரு நாள் கை வச்சிருப்பேனா?"

"நான் மட்டும் வச்சேனா?"

அது உண்மை. மெக்கானிக் தன் அப்பாவிடம் வாங்கிய அடிகளுக்குக் கணக்கே கிடையாது. லாரி ஓட்டிய மனிதர் அவர். வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் வீடு நடுங்கும். தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன்மேல் ஒரு விரல்கூடப் படாது என்று மெக்கானிக் சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தான். அந்தச் சொல்லை இதுவரை காப்பாற்றியும் வந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அப்படின்னா உங்க மச்சான்தான்," என்றாள் மனைவி. தன் தம்பியைத்தான் சொன்னாள். அடிதடிப் படமாகப் பார்க்கிற பஸ் கண்டக்டர் அவன். வரும்போதெல்லாம் பொத்தானோடு தரையில் உருண்டு குத்துச்சண்டை போடுவான்.

தம்பி வந்ததும் விசாரணை நடந்தது.

"அத்தான், சத்தியமா விளையாட்டுக்குத்தான். இதுவரைக்கும் அவ என்னை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல."

"நாலு வயசுப் பிள்ளையைத் தோக்கடிச்சதை நெஞ்சை நிமித்திச் சொல்றான் பாரு," என்றாள் அக்கா. "இனிமே இந்த வீட்டுக்குள்ள வந்தா டிக்கெட் கிழிக்கிற மாதிரி அமைதியா ஒரு மூலையில நிக்கணும்."

"அக்கா, நீ எங்க பஸ்ல ஏறினதே இல்லைன்னு தெரியுது."

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. எது கெட்டிருக்கிறது என்று தெரியாதபோது ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, கோளாறு அதில்தான். மெக்கானிக்குக்கு வேறு வழி தெரியாது. மகள் விஷயத்திலும் அதையே செய்தான். முதலில் டிவியின் ஒயரைப் பிடுங்கினான். காப்பகத்தில் அடி நிற்கவில்லை. அடுத்ததாக மச்சானின் குத்துச்சண்டையை நிறுத்தினான். அப்போதும் நிற்கவில்லை. போனில் அவள் பார்க்கும் பொம்மைப் படங்களை நிறுத்தினான். மாடி வீட்டுக்காரர் மனைவியிடம் கத்துகிற சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலையும் சாத்தி வைத்தான். வீட்டில் காற்று வராமல் போனதுதான் மிச்சம். கழற்றுவதற்கு இனி எதுவுமில்லை என்று நினைத்தான். கழற்றுகிற ஆளையே ஒருமுறை கழற்றிப் பார்க்கலாமே என்று எந்த மெக்கானிக்குக்கும் தோன்றாது. அவனுக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடி டீச்சரே கூப்பிட்டார். "நான் வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது. வந்து ஒளிஞ்சு நின்னு பாருங்க. அடி விழாம ஆயா பாத்துக்குவாங்க."

பாய்களையும் போர்வைகளையும் அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில் அவனை நிறுத்தினார். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியே விளையாட்டுக் கூடம் முழுவதும் தெரிந்தது. அடி வாங்குகிற அந்தச் சுருட்டை முடிப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் ஏறி, ஓட்டாமலும் இறங்காமலும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பொத்தான் அவனிடம் வந்தாள்.

மெக்கானிக் அவசரம், அழுகை, பிடுங்கல் என்று எதையோ எதிர்பார்த்திருந்தான். அதில் எதுவுமே நடக்கவில்லை. பொத்தான் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தாள், நிதானமாக, கொஞ்சம் குனிந்து, மேலும் கீழும் பார்த்தபடி. பிறகு நின்றாள். இரண்டு விரலால் பையனின் தோளில் லேசாகத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பையன் அசையவில்லை.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்றாள். குரல் உயரவேயில்லை, தடித்திருந்தது. "மரியாதையா சொன்னா கேக்க மாட்ட, இல்ல?"

அப்போது அவள் வாய் இடது பக்கமாகக் கோணியது.

மெக்கானிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டினான். அந்த வாய் அவனுக்குத் தெரிந்த வாய். அவன் அப்பாவுடையது. கை ஓங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவர் வாய் அப்படித்தான் இடது பக்கம் இழுத்துக்கொள்ளும். சின்ன வயதில் அவன் அவருடைய கையைப் பார்த்து ஓடியதில்லை. அந்த வாயைப் பார்த்துத்தான் ஓடுவான்.

ஆனால் அவர் செத்து வருஷங்களாகிவிட்டன. பொத்தான் பிறப்பதற்கு முன்பே போனவர். அவருக்கு ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது. கண்ணால் பார்த்தேயிராத ஒரு மனிதனின் வாய் இந்தப் பிள்ளை முகத்துக்கு எப்படி வந்தது? அவன் மூச்சு கண்ணாடியில் பட்டுப் பட்டு மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

பொத்தான் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கவுனின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்தாள், முன்னும் பின்னும் ஒரு தரம். கையில் ஒட்டியிருந்த எதையோ துடைப்பவள் போல.

அவள் கையில் எதுவுமில்லை. கழுவின கை, பால் மாதிரி வெள்ளை. சுத்தமான கையை ஒரு பிள்ளை எதற்குத் துடைக்க வேண்டும்?

மெக்கானிக் தன்னையறியாமல் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தான். இரண்டு தொடைப் பக்கமும் வருஷக்கணக்காக ஏறிய கிரீஸ் கறை, உள்ளங்கை அளவில், கருகருவென்று. மெஷினை அடிப்பதற்கு முன் கையை அதில் தேய்த்துக்கொள்வது அவன் வழக்கம். வழுக்கக் கூடாதே.

பட்டறையில் அவன் அடி பெயர் போனது. திறந்து பார்க்க நேரமில்லாதபோது, ஓடாத மெஷினை ஒரு சுற்று சுற்றி வருவான். இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பான். நாலு வார்த்தை திட்டுவான். பிறகு சரியான இடத்தில் உள்ளங்கையால் ஒரு போடு. தளர்ந்த ஒயர் உள்ளே எங்கோ ஒட்டிக்கொள்ளும், மெஷின் உறுமிக்கொண்டு ஓடும். வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார். வாசற்படியில் காலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவையும் அவன் செய்யும்போது அவன் வாய் எந்தப் பக்கம் போகும் என்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. யாருக்குத்தான் தன் முகம் தெரியும்? அவளுக்குத் தெரிந்திருந்தது.

செத்தவர் வந்து சேர்ந்த வழி அது ஒன்றுதான். அவன் வழியாகத்தான் வந்திருக்கிறார். அடிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தான். அவர் மெஷின் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பொத்தானின் கை உயர்ந்தது. ஆயா சரியான நேரத்தில் பையனைத் தூக்கிவிட்டார். அடி சைக்கிள் சீட்டின்மேல் டொப்பென்று விழுந்தது. சைக்கிளை இழந்த பையன் ஆயாவின் கையிலிருந்து நழுவி இறங்கினான். அழவில்லை. மூலையில் கிடந்த பெரிய துணிக்கரடியிடம் போனான். அதை ஒரு சுற்று சுற்றினான். தன் கைகளைச் சட்டையில் முன்னும் பின்னும் தேய்த்தான். சுருட்டை முடிக்குக் கீழே அந்தச் சின்ன வாய் இடது பக்கமாகக் கோணியது. கரடியின் முதுகில் ஒரு அடி விழுந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொரு பெண்குழந்தை நின்று அவன் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மெள்ளத் தன் கையைத் துடைத்தாள்.

மெக்கானிக் அப்படியே போர்வை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான். பயமா, வெட்கமா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் விடப் பெரிதாக இருந்தது வியப்பு. எவ்வளவு துல்லியம்! ஒரு அசைவு சிந்தவில்லை, ஒன்று கூடவில்லை. அவன் முகத்தையே பார்த்திராத பிள்ளைகளின் கையில் அவனுடைய கிரீஸ் இருந்தது. லாரி ஓட்டிய ஒரு மனிதனின் கோபம், பெயர் தெரியாத பிள்ளைகளின் உதட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

டீச்சர் கதவைத் திறந்து பார்த்தார். "என்னங்க, தண்ணி வேணுமா?"

"அது நான்தான் டீச்சர்."

"எது?"

"அவ இல்ல. அது நான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒருமுறை பார்த்தார். "வீட்டுல அடிப்பீங்களா?"

"மெஷினை."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே நிறுத்தி, மேசையில் விரலால் தட்டித் தட்டி, "யாரையும் அடிக்கக் கூடாது, புரியுதா? அடிக்கவே கூடாது," என்றான். பொத்தான் சமத்தாகத் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த அறையில் அவள் பேச்சு கேட்டது. பொம்மையை எதிரே நிறுத்தி வைத்திருந்தாள். "அடிக்கக் கூடாது, புரியுதா? அடிக்கவே கூடாது," என்று சொல்லிவிட்டு, பொம்மை பதில் சொல்லாததால் ஒரு அறை கொடுத்தாள்.

மனைவி அவனைப் பார்த்தாள். "பேசாம இருங்க," என்றாள். "நீங்க வாயைத் தொறந்தா அதுக்கும் ஒரு அடி சேந்துக்குது. நாளைக்கு எனக்கு லீவு கிடையாதுங்க. நீங்கதான் போய்ப் பேசணும். எப்படியாவது..." மேலே சொல்லாமல் லேப் கோட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, காப்பகம் போவதற்கு முன்னால், மாணவர் விடுதியின் மேற்பார்வையாளர் தன் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பொத்தான் வழக்கம்போல வாசற்படியில் இருந்தாள்.

"போன தடவை ஒண்ணு போட்டீங்களே, அதே மாதிரி ஒரு போடு போடுங்க. நான் கிளம்பணும். பசங்க துணியெல்லாம் ஊறிக்கிட்டிருக்கு."

"இன்னிக்கு அடி கிடையாது சார். தொறந்துதான் பாக்கணும்."

"ஏன், கையில சுளுக்கா? இல்ல, வீட்டுல வாங்கிட்டீங்களா?" அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

மெக்கானிக் பின்பக்கத் தகட்டின் திருகாணியைக் கழற்ற உட்கார்ந்தான். துருப்பிடித்த திருகாணி. ஸ்க்ரூ டிரைவர் நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடி நழுவியது. தலைக்குமேல் மேற்பார்வையாளர் நிறுத்தாமல் பேசினார். "ஒரு நிமிஷ வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க. வேற ஆளா இல்ல?"

மெக்கானிக் எதேச்சையாக வாசற்படிப் பக்கம் பார்த்தான்.

பொத்தான் எழுந்து நின்றிருந்தாள். அவள் உள்ளங்கைகள் கவுனில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தன. கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. அவன் இன்னும் எதுவுமே செய்திருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது. அடிக்கப் போகிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. ஆனால் அவள் வாய் இடது பக்கமாகக் கோணத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் தன் கன்னத்தில் ஒரு இழுப்பு இருப்பதை மெக்கானிக் உணர்ந்தான். தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்ற சேதி அவனுக்கே அவள் முகத்திலிருந்துதான் கிடைத்தது.

அவன் மூச்சை விட்டான். உதட்டைத் தளர்த்தினான். வாசற்படியில் அந்த உதடு தளர்ந்தது. தோளை இறக்கினான். அந்தச் சின்னத் தோளும் இறங்கியது. நடுவில் கயிறு எதுவும் இல்லை, ஒயர் எதுவும் இல்லை. எத்தனையோ இணைப்புகளைப் பார்த்த கை அவனுடையது. இப்படி ஒரு இணைப்பை அவன் பார்த்ததேயில்லை. அசையவே பயமாக இருந்தது. தூங்குகிற கைக்குழந்தை மடியில் கிடக்கும்போது இருப்போமே, அந்த மாதிரி.

பிறகு மெதுவாகத் திருகாணிக்கு எண்ணெய் விட்டான். காத்திருந்தான். திறந்தான். உள்ளே ஒரு ஒயரின் முனை கருகி, கழன்று தொங்கியது. வெட்டி, சீவி, புதிதாக முடுக்கினான்.

"இவ்வளவுதானா?" என்றார் மேற்பார்வையாளர். "அடிச்சிருந்தா அப்பவே ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும் சார்," என்று ஒப்புக்கொண்டான் மெக்கானிக்.

பொத்தான் அதற்குள் சலித்துப்போய் எறும்புக்கு வழி போட்டுக்கொண்டிருந்தாள்.

காப்பகத்தில் சுருட்டை முடிப் பையனின் அம்மா முன்னாலேயே வந்து காத்திருந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போகிற அவசரம் அவள் தோள்பையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. பையன் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். டீச்சர் நடுவில்.

"நீங்கதான் அப்பாவா? பொண்ணை என்ன ரவுடியா வளக்கறீங்களா?" என்று ஆரம்பித்தாள். "என் பையன் முதுகுல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துது. வீட்டுல இவனை நாங்க அதட்டினதுகூட இல்ல. இவனுக்கு அடிக்கவே தெரியாது, பாவம்."

டீச்சர் சட்டென்று மெக்கானிக்கைப் பார்த்தார். பையன் துணிக்கரடியை அடித்ததை அவரும்தானே பார்த்திருந்தார். அவன் அதைச் சொல்லலாம். சொன்னால் அந்தம்மா வாயடைத்துப் போவாள். டீச்சரும் சாட்சி சொல்வார். பேச்சு சமமாகிவிடும். மனைவியின் வேலை தப்பிக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பையன் கரடியை அடித்த கை யாருடையது? அவன் வாயில் கோணலை வைத்தது யார்? பையனைக் காட்டிக் கொடுத்தால் தன்னுடைய சரக்கையே அவன் தலையில் கட்டுவதாகும்.

 பொத்தானும் பையனும் விளையாடவில்லை, முனகவில்லை. இரண்டு பேரும் தலையை அண்ணாந்து பெரியவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இமைக்காத நாலு கண்கள்.

 மெக்கானிக்கின் குடும்பம் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதது. அவன் அப்பா கேட்டு அவன் பார்த்ததில்லை. ஆகவே அது எப்படி இருக்கும், கை எங்கே இருக்க வேண்டும், முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ள அவனுக்கு வாய்த்ததில்லை. எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே, இந்தக் கண்களுக்கு முன்னாலேயே, முதல்முதலாகச் செய்து பார்க்க வேண்டும். தப்பாகச் செய்தால் தப்பாகவே போய்ச் சேரும்.

"நீங்க சொல்றது சரிங்க," என்றான் அந்தம்மாவிடம். "அடிச்சது அவ. கத்துக்கிட்டது என்கிட்ட. நான் மெஷினைப் போட்டு அடிக்கிறவன். அவ பாத்துக்கிட்டிருந்தா."



மெக்கானிக் முழங்காலை மடக்கிப் பையனின் உயரத்துக்கு உட்கார்ந்தான். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் விடப் போனான், வேண்டாமென்று எடுத்தான், கடைசியில் முழங்கால்மேல் விரித்து வைத்தான். "தம்பி, உனக்கு வலிச்சிருக்கும். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

பையன் யோசித்தான். "சைக்கிள் இன்னிக்கும் எனக்குத்தான்," என்றான்.

"உனக்குத்தான்."

டீச்சர் இருமினார். அந்தம்மா தோள்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "சரி விடுங்க, எழுந்திரிங்க. எனக்கு நேரமாச்சு. இந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவை நடந்தா..."

"நடந்தா நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

"திங்கக்கிழமையும் பிள்ளைங்க ரெண்டு பேரும் வரட்டும்," என்றார் டீச்சர், இரண்டு பேருக்கும் பொதுவாக.

அந்தம்மாவின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று. பையன் சைக்கிளுக்கு ஓடினான். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலித்தது. ஆனால் பக்கத்தில் நின்ற பொத்தான் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கண், விரித்து வைத்த அவனுடைய ஒவ்வொரு விரலின்மேலும் போய் நின்றது. பிறகு நெற்றிக்குப் போயிற்று. பிறகு உதட்டுக்கு வந்தது. எதை எடுத்துக்கொள்கிறாள், எதை விடுகிறாள் என்று ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.